மித்லாவையும் மெஸ்காலையும் ஒரே நாளில் பாருங்கள்

மெக்சிகோவில் வஹாகாவுக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பழைய நகரத்தோட இடிபாடும் மெஸ்கால் சுவைக்கிறதும் சேர்த்து ஒருநாள் தனிக் கார் சுற்றுலான்னு விக்கிறாங்களே, அது தேவையா? கோயிலப் பாத்துட்டுச் சாராயக் கடைக்குப் போற மாதிரி இருக்கே?" மெஸ்கால் என்பது கற்றாழையிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மது. இன்பாக்ஸில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். தேவை. கட்டாயம் தேவை. அந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வஹாகாவைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வஹாகா நகரத்திலிருந்து கிழக்கே 190ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போனால் மித்லா; அந்தப் பழைய நகரத்து இடிபாடு இதுதான். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், அதே பள்ளத்தாக்கில், சந்தியாகோ மதத்லான். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே 'உலக மெஸ்கால் தலைநகரம்' என்று வளைவு வைத்திருக்கும் ஊர். சாலையின் இரண்டு பக்கமும் நீலம் கலந்த பச்சையில் கற்றாழைத் தோட்டங்கள். நம்மூர் வேலியோரம் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கும் பூர்வீகம் மெக்சிகோதான் என்பதால் பார்த்ததும் தெரிந்த செடி மாதிரியே இருக்கும். சுற்றுலா விற்பவர்கள் மோன்தே அல்பானையும் இதே நாளில் சேர்த்துத் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். அது நகரத்துக்கு மறுபக்கம் இருக்கும் மலை உச்சி. கி.மு. 500 வாக்கில், இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சாபோத்தெக் மக்கள் உண்டாக்கிய தலைநகரம். கொல்லப்பட்ட கைதிகள் என்று இன்று கருதப்படும் உருவங்கள் செதுக்கிய கற்கள் மட்டுமே முந்நூறுக்கு மேல் கிடைத்த இடம். 1932இல் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ ஏழாம் கல்லறையைத் திறந்து பொன்னும் நீலப் பச்சைக் கல்லும் கண்டெடுத்தது அங்கேதான். அதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மித்லா அவ்வளவு பெரியதில்லை. மலை உச்சியின் பிரமாண்டமும் இல்லை. மோன்தே அல்பான் சரிந்த பிறகு சாபோத்தெக் மக்களின் முக்கியமான சமயத் தலமாக இருந்தது இது. ஸ்பானியர்கள் வந்தபோதும் உயிரோடு இருந்த ஊர். சுவரின் அருகில் போய் நின்று பார்க்க வேண்டும். கட்டம் கட்டமாக, படிக்கட்டும் சுருளும் சேர்ந்த கோலங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் செதுக்கியது போலத் தெரியும். கிட்டப் போனால்தான் ஒவ்வொன்றும் தனித்தனிக் கல் என்பது புரியும். விரல் நீளக் கற்களை அளவு பிசகாமல் வெட்டி, இடையில் சாந்து வைக்காமல் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். என் அம்மா சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, காற்றிலேயே விரலால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடித் தேடி, பிடி கிடைக்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பக்கத்திலேயே சான் பாப்லோ தேவாலயம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் பழைய கட்டடத்தின் மேலேயே, அதன் கற்களை எடுத்தே எழுப்பியது. சிவப்புக் குவிமாடங்களுக்குக் கீழே சாபோத்தெக் சுவர் அப்படியே தெரிகிறது.

சரி, இத்தோடு காரைத் திருப்பிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டால் என்ன? நம் மனதில் தங்குவது "ஒரு காலத்தில் இங்கே ஒரு இனம் வாழ்ந்தது, அழிந்துபோனது" என்பதுதான். பலரும் அப்படித்தான் பதிவு போடுகிறார்கள். படிக்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சாபோத்தெக் மொழிகளை இன்றும் நாலு லட்சத்துக்கும் அதிகமானோர் பேசுகிறார்கள். மெக்சிகோவின் அதிபராக இருந்த பெனித்தோ ஹுவாரெஸ் சாபோத்தெக்காரர்; 1806இல் இதே வஹாகா மாநிலத்தின் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். எங்களை அழைத்துப்போன வழிகாட்டித் தம்பியும் அந்த மக்களில் ஒருவர்தான். மித்லா சுவரடியில் நிற்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தது. ஸ்பானிஷை நிறுத்திவிட்டுச் சாபோத்தெக்கில் பேச ஆரம்பித்தார். அந்தச் சுவரைக் கட்டியவர்களின் மொழி எங்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது. இதை எந்தத் தகவல் பலகையும் சொல்லவில்லை.

அதனால்தான் மித்லாவிலிருந்து நேராகப் பலென்கேவுக்குப் போகச் சொல்கிறேன். மெஸ்கால் காய்ச்சும் கொட்டகைக்கு அங்கே அதுதான் பெயர். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனதாகச் சொன்னதும் ஊரில் சித்திக்கு வந்த கோபம் இருக்கிறதே! எங்கள் ஊர்ப்பக்கம் உடன்குடி. பனை ஏறுகிறவர்களும், பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் பெண்களுமாகப் பார்த்து வளர்ந்தவள் அம்மா. மது வாசமே ஆகாது. ஆனால் அந்தக் கொட்டகையில் அவளை வெளியே கூப்பிடத்தான் எனக்குச் சிரமமாக இருந்தது.

கற்றாழையின் இலைகளை எல்லாம் சீவி எடுத்துவிட்டால் நடுவில் பெரிய கிழங்கு போல ஒன்று மிஞ்சும். எஸ்பதீன் என்ற வகை அந்த நிலைக்கு முற்ற ஆறிலிருந்து எட்டு வருடம் ஆகும். மண்ணில் கூம்பாகக் குழி தோண்டி, விறகு எரித்து, அதன் மேல் கற்களைப் போட்டுக் கனலாகும்வரை சூடாக்கி, அந்தக் கல்லின் மேல் கிழங்குகளை அடுக்கிப் பாயாலும் மண்ணாலும் மூடிவிடுகிறார்கள். மூன்று முதல் ஐந்து நாள் அப்படியே வேகும். எடுத்த பிறகு வட்டக் கல்லைக் குதிரை இழுக்க, அதில் நசுக்கி, நாரோடு சேர்த்தே மரத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு நுரைக்க விடுகிறார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. காற்றில் இருப்பதே போதும். அப்புறம் செப்பு வாலையில், அதாவது வடிகலனில், இரண்டு முறை வடிக்க வேண்டும்.

நாங்கள் போனபோது ஒரு குழியைத் திறந்திருந்தார்கள். காய்ச்சும் பெரியவர் வெந்த கிழங்கிலிருந்து ஒரு துண்டை அரிவாளால் வெட்டி அம்மா கையில் கொடுத்தார். பழுப்பு நிறம், கையெல்லாம் பிசுபிசுப்பு. அம்மா கடித்து மென்று சாற்றை உறிஞ்சினாள். "ஏல, பனங்கிழங்கச் சுட்டுக் கருப்பட்டில முக்குன மாதிரில்லா இருக்கு!" என்றாள். நார் மட்டும் வாயில் மிஞ்சியதும் எங்கே துப்புவது என்று திகைத்தாள். பெரியவர் சிரித்துக்கொண்டே தானும் ஒரு துண்டை மென்று சக்கையைத் தரையில் துப்பிக் காட்டினார்.

அந்தச் சக்கையைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மித்லாவுக்குப் பக்கத்திலேயே கிலா நகிட்ஸ் என்று ஒரு சிறிய குகை இருக்கிறது. 1960களில் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த பூசணி விதைகள் சுமார் 10,000 வருடப் பழமையானவை என்று பிறகு கணித்தார்கள்; அமெரிக்கக் கண்டங்களில் மனிதர் பயிராக்கிய செடிகளுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று.  அதே குகையில், சுட்ட கற்றாழையை மென்று துப்பிய சக்கைகளும் கிடைத்தன. மக்காச்சோளம் பயிராகாத காலத்தில், எழுத்து இல்லாத காலத்தில், யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்து இதைத்தான் மென்றிருக்கிறார். மித்லாவின் சுவர்கள் அதற்குப் பல ஆயிரம் வருடங்களுக்குப் பின்னால் வந்தவை. அப்படியானால் அந்தப் பள்ளத்தாக்கில் மிகப் பழையது எது? குழியில் கற்றாழையைச் சுடும் வழக்கம். அது இன்னும் நிற்கவில்லை. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடத்தில் அது கிடைக்காது. கொட்டகைக்குத்தான் போக வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சில வழிகாட்டிகள் "சாபோத்தெக் அரசர்கள் குடித்த மெஸ்கால்" என்று அடித்துவிடுகிறார்கள். அது வேண்டாத புளுகு. பழைய மக்கள் குடித்தது புல்கே. கற்றாழைச் சாறு புளித்து உண்டாவது, நம் கள்ளுக்கு உறவு. வாலையில் வடிக்கும் முறை ஸ்பானியர் காலத்தில் வந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதிலும் மணிலாவிலிருந்து கப்பலில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மெக்சிகோவின் மேற்குக் கடற்கரையில் தென்னங்கள்ளை வடித்துக் காட்டிய பிறகே அது கற்றாழைக்கும் பரவியது என்று சொல்கிறவர்கள் உண்டு. குழி பழையது, வாலை புதியது. மித்லாவில் அடியில் பழைய சுவர், மேலே தேவாலயம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுவைப்பதற்கு வருகிறேன். நமக்குக் குடி என்றதும் டாஸ்மாக் வாசலும் ஒரே மடக்கும்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே யாராவது அப்படி ஊற்றிக்கொண்டால் காய்ச்சியவரின் முகம் வாடிவிடும். சுரைக்காய் ஓடு போன்ற ஒரு கிண்ணத்தில் விரற்கடை அளவு ஊற்றித் தருவார்கள். பெரும்பாலும் 45 முதல் 50 சதவீத ஆல்கஹால் என்பதால் முதல் சொட்டு நாக்கைச் சுடும். இரண்டாவதில்தான் புகையும் பழமும் மண்ணும் தெரியும். பெரியவர் ஒரு நாணல் குழாயால் உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டு, மேலே எழும் குமிழிகள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்த்தார். குமிழி நிற்பதை வைத்தே அதன் வீரியத்தைச் சொல்லிவிடுகிறார். ஆரஞ்சுத் துண்டும், கற்றாழைப் புழுவை உலர்த்தி மிளகாயோடு இடித்த உப்பும் உடன் வரும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஓட்டுநர் ஒரு சொட்டும் தொடமாட்டார். காரை நாமே ஓட்டிக்கொண்டு போகாமல் தனி வண்டி அமர்த்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

கூட்டமாகப் போகும் வேன் சுற்றுலாக்கள் எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் வேறு. அதிலும் ஒரு முறை போயிருக்கிறேன். தூலேயின் பெரிய மரம், நெசவு ஊர், மித்லா, பாறை அருவி, கடைசியில் மெஸ்கால் என்று எல்லாம் ஒரே நாளில். மித்லாவில் போட்டோ எடுக்கத்தான் நேரம். மெஸ்கால் என்று காட்டியது சாலையோரக் கடை; மாம்பழம், காபி, தேங்காய் என்று வாசனை சேர்த்த இனிப்புக் குப்பிகளை வரிசையாக நீட்டினார்கள். குழியும் இல்லை, குதிரையும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் "சாராயக் கடைக்கு எதற்குப் போகணும்" என்று கேட்டால் அவர் மேல் தப்பே கிடையாது. தனிச் சுற்றுலாவுக்குக் காசு கூடத்தான். நாலு பேர் சேர்ந்தால் தாங்கும்.

அப்புறம் பேரம். தயவுசெய்து அங்கே பேரம் பேசாதீர்கள். ஆறு, எட்டு வருடம் நிலத்தில் காத்து நின்ற செடி, ஒரு குடும்பமே நாட்கணக்கில் குழியடியில் வெந்து எடுத்த வேலை. கள் இறக்குவதையே குற்றமாக்கிய மாநிலத்தில் இருந்து போன எனக்கு, ஒரு கிராமத்து மதுவுக்கு 1994இல் அரசே (நம் புவிசார் குறியீடு மாதிரி) பிறப்பிடப் பெயர்க் காப்பு கொடுத்திருப்பதையும், பல குப்பிகளில் அதைக் காய்ச்சுகிறவரின் பெயரே அச்சாகியிருப்பதையும் பார்க்க ஏக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புகழுக்கும் ஒரு விலை இருக்கிறது. சான்றிதழ் பெற்ற மெஸ்கால் 2011இல் ஏறத்தாழ பத்து லட்சம் லிட்டர், 2022இல் 1.4 கோடி லிட்டர். அதற்கான விறகு எங்கிருந்து வரும்? மதத்லானைச் சுற்றிக் காடு கழிந்து ஒரே வகைக் கற்றாழையாகிவிட்ட குன்றுகளைப் பார்த்தால் தெரியும். கற்றாழை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். இனிப்பு கிழங்கிலேயே தங்க வேண்டும் என்று பூந்தண்டை முளையிலேயே வெட்டிவிடுகிறார்கள். பூ இல்லையென்றால் தேன் தேடி வரும் வௌவாலுக்கு உணவில்லை, செடிக்கு விதையில்லை. எஸ்பதீனைப் பக்கக் கன்று வைத்துப் பயிராக்கிவிடலாம். தோபாலா, தெபெஸ்தாத்தே போன்றவை பெரும்பாலும் காட்டிலிருந்து வருபவை. தெபெஸ்தாத்தே முற்ற இருபது வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

ஆகவே குப்பி வாங்குவதென்றால் எஸ்பதீனே வாங்குங்கள். ருசியில் ஒரு குறையும் கிடையாது. காட்டு வகைதான் வேண்டுமென்றால், விதை போட்டு நாற்று வளர்க்கிறார்களா என்று பெரியவரிடமே கேளுங்கள். வளர்க்கிறவர் நாற்றங்காலுக்கு நம்மைத் தானே கூட்டிக்கொண்டு போவார். குப்பியில் ஒட்டிய சீட்டில் 100 சதவீதம் மகுவே (கற்றாழைதான்), ஊர்ப் பெயர், காய்ச்சியவர் பெயர் இருக்கிறதா, ஆர்த்தெசனால் (கைவினை முறை) அல்லது அன்செஸ்த்ரால் (முன்னோர் முறை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் தலைக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள்.