மந்த வாயுக்கள் ஒருபோதும் வினைபுரியாது என்பது தவறு

“மந்த வாயுக்கள் அனைத்தின் வெளிக்கூட்டிலும் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால் அவை எந்தத் தனிமத்தோடும் சேராது” என்று பரவிவரும் கூற்றில் இரண்டு பிழைகள் உள்ளன. மந்த வாயுக்களில் ஒன்றான ஹீலியத்துக்கு இரண்டே எலக்ட்ரான்கள்தான். அதன் ஒரே கூடு (அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் அமையும் அடுக்கு) அவற்றாலேயே நிரம்பிவிடுகிறது. நிரம்பிய கூடு எலக்ட்ரான்களை இறுகப் பிடித்திருக்கும் என்பது உண்மையே எனினும், அணு பெரிதாகப் பெரிதாக அந்தப் பிடி தளர்கிறது.

பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடு என்ற சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிக்கவல்லது என்று கண்டறிந்திருந்த வேதியியலாளர் நீல் பார்ட்லெட், ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் (ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல்; 12.07 எலக்ட்ரான் வோல்ட்) பெரிய அணு கொண்ட மந்த வாயுவான செனானின் அதே ஆற்றலும் (12.13) ஏறக்குறைய சமம் என்பதைக் கவனித்து, 1962-இல் கனடாவின் வான்கூவரில் அதே சேர்மத்தைச் செனானோடு கலந்தபோது, அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறச் செனான் சேர்மம் திண்மமாக உருவானது. அவ்வாண்டிலேயே செனானும் புளோரினும் சேர்ந்த செனான் டெட்ராபுளோரைடும் தயாரிக்கப்பட்டது. “வினைத்திறன் மிகக் குறைவு” என்று மாணவர்களுக்குச் சொல்வதே சரியானது.