பதில் கிடைத்ததும் பதிவை அழித்துவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் நடத்தும் மூதாதையர் தேடல் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளிடமும், என்னைவிட மூத்தவர்களிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில நாள்களாக நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பெண்மணி சேர்ந்தார். சேர்ந்த அன்றே எழுதினார்: "என் பாட்டனார் முனுசாமி. கப்பலில் வந்தவர். ஊர் எது?" அவ்வளவுதான். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து டுரூரோ கப்பல் வந்து நின்றது தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் முனுசாமிகள் எத்தனை பேர்! எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதில் ஒரே பெயர் மூன்சாமி, முன்சாமி, மொனிசாமி என்று உருமாறிக் கிடக்கிறது.

அதற்காக யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஓர் அக்கா பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, பழைய கல்யாணச் சான்றிதழிலிருந்து கொலோனியல் நம்பரை, அதாவது ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவெண்ணை, வாங்கிக் கொடுத்தார். அந்த எண் இருந்தால் கப்பல் பட்டியலில் ஆளைப் பிடித்துவிடலாம். தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை அதில் இருக்கும். நான் இரண்டு இரவு உட்கார்ந்தேன். வட ஆர்க்காட்டு ஜில்லா. சிதைந்து கிடந்த ஊர்ப் பெயரை, வேலூரிலிருந்து எழுதும் ஓர் உறுப்பினர் பழைய வரைபடத்தைப் பார்த்துச் சரிசெய்தார். கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெரியவர், தம் ஆயா, அதாவது பாட்டி, அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் எழுதினார். நாற்பதுக்கும் மேற்பட்ட கருத்துகள் சேர்ந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் பதிவே இல்லை. அவர் குழுவை விட்டும் போயிருந்தார்.

நன்றி சொல்லாதது எனக்குப் பெரிதில்லை. பதிவை அழித்தால் அதன் கீழே மற்றவர்கள் எழுதியதும் சேர்ந்தல்லவா அழிகிறது? அந்தப் பெரியவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் சொல்லச் சொல்லப் பேரன் கைப்பேசியில் தட்டியது அது. இன்னொரு முறை அதே தெளிவோடு அவரால் சொல்ல முடியுமா?

ஏன் அழிக்கிறார்கள் என்பது ஓரளவு எனக்குப் புரிகிறது. கப்பல் பட்டியலில் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு. வீட்டில் சொல்லி வளர்த்தது ஒன்று, அங்கே எழுதியிருப்பது வேறொன்று. மனம் பதறத்தான் செய்யும். கரும்பு வெட்டக் கடல் தாண்டி வந்தவர் வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் அந்தப் பதற்றத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஊரறிய வேண்டாம் என்றால் நிர்வாகியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை விட்டுவைப்போம். கேட்காமலே அடுத்தவர் சாதியைக் கருத்துப் பகுதியில் எழுதிப் பழைய உறுப்பினர்களான நாங்களும் தவறு செய்திருக்கிறோம். அது நிற்க வேண்டும்.

1995இல் இணையத்தில் பழகும் முறைக்கென்று ஒரு வழிகாட்டி எழுதப்பட்டது. குழுவில் எதையும் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதங்கள் வாசித்துக்கொண்டிருங்கள் என்றது அது. நான் அவ்வளவு கேட்கவில்லை. இரண்டு மாலை நேரம் போதும். பழைய பதிவுகளைப் புரட்டுங்கள். உங்கள் கேள்விக்கான விடை பாதி அங்கேயே இருக்கும். உயிரோடிருப்பவர்களின் பிறப்புச் சான்றிதழையோ பதின்மூன்று இலக்க அடையாள எண்ணையோ படமெடுத்துப் போடாதீர்கள். மோசடிக்காரர்களுக்கு அது போதும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இங்கே பலர் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். வந்த அன்றே "தமிழ் தெரியாத தமிழரா?" என்று கேட்டுவிடாதீர்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனதையும் முதலி மூட்லி ஆனதையும் பார்த்துச் சிரிக்காதீர்கள். நீங்கள் கேலி செய்யும் அந்த மனிதர் தைப்பூசத்துக்கு விரதமிருந்து காவடி எடுப்பவர். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர். எழுத்துக்கூட்டித் தமிழ் எழுதத் தொடங்கிய ஒரு தங்கை இப்படிப்பட்ட ஒரு கேள்விக்குப் பிறகு எழுதுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

நேற்று ஓர் இளைஞர் வந்தார். முதலில் வணக்கம் சொன்னார். பூட்டியின் கொலோனியல் நம்பரைக் கொடுத்து, அவருடன் கப்பலில் யாராவது வந்தார்களா என்று கேட்டார். அழிந்துபோன அந்தப் பதிவில் இருந்த முனுசாமியின் எண்ணுக்கு அடுத்த எண் அது. ஒரே குடும்பமாக வந்தவர்களுக்கு எண்களை அடுத்தடுத்துக் கொடுப்பது வழக்கம். அண்ணன் தங்கையாக இருக்கலாம். அந்தப் பெரியவரின் ஆயா சொன்ன கதையில் ஒரு தங்கை வந்ததாக எனக்கு நினைவு, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அம்மா, யார் மூலமாகவாவது இது உங்கள் கண்ணில் பட்டால், திரும்பி வாருங்கள். அந்தத் தம்பி காத்திருக்கிறார்.