எங்கே கிடைச்சது என்று கேட்காதீர்கள்

சனிக்கிழமை இங்கே அமெரிக்காவில் நம் தமிழ்ச் சங்கம் நடத்திய பொங்கல் விழாவுக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிடம் "எந்த காலேஜ்? எங்கே கிடைச்சது?" என்று கேட்காதீர்கள். மேடையில் கேட்காதீர்கள், சாப்பாட்டு வரிசையில் கேட்காதீர்கள், கோயில் பார்க்கிங்கில் கேட்காதீர்கள். சொல்வதற்குச் செய்தி இருந்தால் அந்தப் பிள்ளையே சொல்லும். அதுவரை கேட்காதீர்கள்.

கலை நிகழ்ச்சி முடிந்ததும் மைக் பிடித்திருந்த அண்ணன் "ஏர்லியில் அட்மிஷன் கிடைத்த பிள்ளைகள் எல்லாம் மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டார். ஏர்லி என்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து டிசம்பரிலேயே முடிவு வாங்குவது. நான்கு பேர் போனார்கள். ஒவ்வொருவரும் கல்லூரிப் பெயரைச் சொன்னார்கள், பொன்னாடை போட்டார்கள், எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். நான்கு பேரையும் சின்ன வயதிலிருந்து தெரியும். உழைத்த பிள்ளைகள். அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே கிடையாது. ஆனால் அண்ணன் விடவில்லை. "மற்ற சீனியர்ஸ் எல்லாம் எங்கே இருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம்" என்றார். இங்கே சீனியர் என்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. மண்டபத்தின் பின்பக்கம் என் மகள் சர்க்கரைப் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தாள். பெரியவர் சொல்கிறாரே என்று கரண்டி பிடித்த கையையே தூக்கினாள். "நீங்க இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க, மார்ச்சில் உங்களையும் மேடைக்குக் கூப்பிடுறோம்" என்றார் அண்ணன். பலர் சிரித்தார்கள். அவள் கையை இறக்கிவிட்டு அடுத்த தட்டுக்குப் பொங்கல் வைத்தாள்.

நான் பார்த்தது அந்தக் கையை.

"இன்னும் கொஞ்சம் முயற்சி" என்கிற அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அவள் என்ன முயற்சி செய்தாள் என்று யாருக்குத் தெரியும்?

ஊரிலிருந்து படிக்கும் சொந்தங்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இங்கே ரேங்க் லிஸ்ட் கிடையாது, கட்-ஆஃப் கிடையாது, எல்லோருக்கும் பொதுவான கவுன்சலிங் கிடையாது. ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் என்கிற பொது விண்ணப்பம் திறக்கும். அதில் 650 சொல்லுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். படிப்புக்கு வெளியே செய்ததில் பத்து விஷயங்கள் எழுதலாம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துதான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் நான்கு வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்ததை 150 எழுத்தில் அடக்க அவள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேள்வி கேட்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வேறு தளம், எட்டுக் கேள்வியில் நான்குக்கு 350 சொல்லில் பதில். அங்கே எஸ்ஏடி என்கிற பொதுத்தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. எம்ஐடியோ 2022-இல் அதை மறுபடி கட்டாயமாக்கியது. ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் இடம் கிடைப்பது மூன்று, நான்கு பேருக்கு. மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதுதான் பிள்ளைகளை உடைக்கிறது. நம் ஊரில் 0.5 மார்க்கில் இடம் போனால் கோபப்படுவதற்கு அந்த 0.5 இருக்கிறது. இங்கே பதினேழு வயதுப் பிள்ளை "நான் இப்படிப்பட்டவள்" என்று எழுதி அனுப்புகிறது, "வேண்டாம்" என்று பதில் வருகிறது. வேண்டாம் என்றது மார்க்கை இல்லை, தன்னைத்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. நான் எவ்வளவு சொல்லியும் அந்த எண்ணத்தை அவளிடமிருந்து முழுக்க எடுக்க முடியவில்லை.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு ஏர்லி டிசிஷன் முடிவு வந்தது. தனியாகத்தான் பார்ப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் அவள் அப்பாவும் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தோம். கிடைத்தால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கும், பாட்டு வரும். ஏழு ஐந்து ஆயிற்று, ஏழு பத்து ஆயிற்று. உள்ளே சத்தமே இல்லை. ஏழே காலுக்கு வெளியே வந்து "டிஃபர்" என்றாள். "ரசம் இருக்கா?" என்று கேட்டாள். போட்டேன். சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவிவைத்துவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

டிஃபர் என்றால் நிராகரிப்பு இல்லை. விண்ணப்பத்தை ரெகுலர் சுற்றுக்குத் தள்ளிவைக்கிறார்கள், மார்ச் கடைசியில் மற்றவர்களோடு சேர்த்து மறுபடி பார்ப்பார்கள். முதல் பருவ மதிப்பெண்ணைப் பள்ளி இப்போதுதான் அனுப்பும். இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்று பிள்ளையும் ஒரு கடிதம் எழுத வேண்டும். இதற்கு நடுவில் ஜனவரி முதல் வாரத்துக்குள் மற்றக் கல்லூரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். அன்றிலிருந்து இரண்டு வாரத்தில் அவள் ஒன்பது விண்ணப்பம் முடித்தாள். ஒவ்வொன்றுக்கும் 75, 85 டாலர் கட்டினோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள்கூட அவள் பன்னிரண்டு மணிக்கு முன்னால் படுக்கவில்லை. ஜனவரியில் ஒரு சீனியரிடம் முடிவு கேட்பது, பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது தோளைத் தட்டி மார்க் கேட்பது மாதிரி. இந்தப் பிள்ளையிடம்தான் "இன்னும் கொஞ்சம் முயற்சி" என்று மைக்கில் சொன்னார்கள்.

சரி, "உன் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை, அந்தப் பொறாமையில் எழுதுகிறாய்" என்பீர்கள். நேராகவே சொல்கிறேன், வருத்தம் இருக்கிறது. பொறாமை இல்லை. அந்த நான்கு பேரில் ஒருத்தி என் மகளின் நெருங்கிய தோழி. முடிவு வந்த இரவு அவள்தான் வாசலில் வந்து நின்றாள். தன் சந்தோஷத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு மணி நேரம் இவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். பதினேழு வயதுக்கு இருந்த அந்தப் பக்குவம் நாற்பத்தைந்து வயதில் நமக்கு இல்லை.

"பாராட்டுவதும் தவறா?" என்று கேட்பீர்கள். தவறில்லை. மே 1 வரை பொறுங்கள். அதற்குள் எல்லாப் பிள்ளைகளும் எங்கே போகிறோம் என்று முடிவு செய்திருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற எல்லோரையும் ஒன்றாக மேடை ஏற்றுங்கள். கல்லூரிப் பெயரைச் சொல்ல விரும்புகிற பிள்ளை சொல்லட்டும்.

"உலகம் இப்படித்தான், இப்போதே பழகட்டும்" என்று ஒருவர் ஏற்கெனவே வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். உலகம் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும் ஐயா. ஆகஸ்டிலிருந்து அதில்தான் இருக்கிறது. தமிழ்ச் சங்கமும் அந்த உலகத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டுமா? சனிக்கிழமை சாயங்காலம் புடவையும் வேட்டியும் கட்டிக்கொண்டு இத்தனை மைல் ஓட்டி வருவது நம் மனிதர்கள் என்று நினைத்துத்தானே.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல் கோவில்பட்டியில் பிளஸ் டூ முடித்தேன். அப்போது மருத்துவத்துக்கு நுழைவுத்தேர்வு மார்க்கும் சேர்த்து 300-க்குக் கணக்கு. ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்தில் எனக்கு இடம் போயிற்று. அன்று சாயங்காலத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அத்தை வந்தாள், பெரியப்பா வந்தார், எதிர்வீட்டுக்காரர் வந்தார், பால்காரர்கூட நின்று கேட்டார். என் அப்பா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் "பிள்ளை தூங்குது" என்றார். காலையிலும் அதுதான், மத்தியானமும் அதுதான். மூன்று நாள் அதே பதில். நான் உள்ளே சுவரில் சாய்ந்து முழித்துக்கொண்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் நானே வெளியே போய் அத்தையிடம் சொன்னேன். அப்பா எனக்கு ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. அந்த நாற்காலி ஞாபகம் இருக்கிறது.

டிசம்பரில் ஊரிலிருந்தும் இங்கிருந்தும் போன் வந்தபோது நானும் அதையே சொன்னேன். "தூங்குகிறாள்." சில பேருக்குக் கோபம். பரவாயில்லை. சனிக்கிழமைதான் என்னால் அந்த நாற்காலியைப் போட முடியவில்லை. மைக் அவர்கள் கையில் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் நண்பர் வீட்டுப் பையன் ஒருவன், மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன், பள்ளியில் முதல் வரிசையில் இருக்கிறவன், அவனும் அன்று கை தூக்கினான். அவன் இன்னும் எச்-4 விசாவில், அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் இருக்கிறான். அப்பா அம்மாவின் கிரீன் கார்டு இந்தியர்களுக்கான வரிசையில் வருடக்கணக்காக நிற்கிறது. அரசின் கல்வி உதவிக்கு அவன் விண்ணப்பிக்க முடியாது. பல கல்லூரிகள் அவனை வெளிநாட்டு மாணவன் கணக்கில்தான் வைத்துப் பார்க்கும். கோடையில் ஐஸ்கிரீம் கடையில்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்க்க அவனுக்கு அனுமதி இல்லை. 21 வயது ஆனால் பெற்றோரின் விசாவிலிருந்தே வெளியே வந்துவிட வேண்டும். ஏர்லி டிசிஷனில் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், வேறு இடத்து உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. அதனால் அவன் ஏர்லியே போடவில்லை. இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ் என்கிற செலவு குறைந்த உள்ளூர்க் கல்லூரி, அப்புறம் மாநிலப் பல்கலைக்கழகம் என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருவர் அவனிடம் "ஏன்ப்பா, இவ்வளவு படிச்சும் கம்யூனிட்டி காலேஜா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? அப்பாவின் விசா நிலவரத்தையா, வங்கிக் கணக்கையா? சிரித்துவிட்டு நகர்ந்தானாம். அன்றிலிருந்து அவன் அம்மா விழாக்களுக்கு வருவதில்லை. சனிக்கிழமை அவன் மட்டும் பறை அடிக்க வந்திருந்தான்.

இதைத்தான் சொல்கிறேன். ஒரு கேள்விக்குப் பின்னால் அந்த வீட்டில் என்னென்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கேட்காதீர்கள்.

"அப்படியானால் என்னதான் செய்வது, பிள்ளையோடு பேசவே கூடாதா?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்விதான். நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். செப்டம்பரில் நானும் தினமும் நச்சரித்தேன். "எஸ்ஸே முடிச்சியா? எத்தனை வார்த்தை ஆச்சு?" ஒரு நாள் அவள் "அம்மா, நீங்க கேட்கும்போதெல்லாம் என்னால் எழுத முடியல" என்றாள். அன்றைக்கு நிறுத்தினேன். ஞாயிறு காலை அரை மணி நேரம் மட்டும் கல்லூரிப் பேச்சு, மற்ற நேரம் கிடையாது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். பணத்தைப் பற்றி அவள் அப்பா கணக்கை எடுத்துவைத்து, இவ்வளவுதான் நம்மால் முடியும் என்று முன்கூட்டியே சொன்னார். அது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி அவள் எழுதும்போது நான் எதிரே உட்கார்ந்து வெங்காயமோ கீரையோ ஆய்ந்துகொண்டிருப்பேன். பேச மாட்டேன். அந்த 650 சொல் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "படிக்கலாமா?" என்று ஒரு தடவை கேட்டேன், "வேண்டாம்மா" என்றாள். எனக்கு வலித்தது. ஆனால் அது அவளுடையது.

போன வருடம் நானும் ஒரு வீட்டில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் முகம் மாறியது ஞாபகம் இருக்கிறது, அப்போது எனக்குப் புரியவில்லை. நேற்று அவன் அம்மாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அக்கா" என்றாள். விடக்கூடிய விஷயம் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும்.

மைக் பிடித்த அண்ணன் நல்லவர். கொரோனா சமயத்தில் எத்தனை வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை வீட்டுக்கு வரும் வழி முழுக்க, நாற்பது நிமிடம், என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். சித்திரை விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடும்போது இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லிச் சங்கத்தின் விழாக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

"உன் பெண்ணின் கதையை நீயே ஊருக்குச் சொல்கிறாயே" என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். அவளிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். அடுப்படி மேசையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். கல்லூரிப் பெயரை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அவள் அழுததைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன், அதையும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். தாத்தாவின் நாற்காலியை மட்டும் விடச் சொன்னாள்.