பனி மூடிய கடலையும் அளக்க முடியும்

"துருவக் கடல்களைப் பனி மூடியிருப்பதால் அங்கே செயற்கைக்கோளால் கடல்மட்டத்தை அளக்கவே முடியாது, சொல்லப்படும் எண்கள் எல்லாம் கற்பனை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன் வரிசைச் செயற்கைக்கோள்கள் 66 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஐரோப்பிய விண்வெளி முகமை 2010 ஏப்ரலில் ஏவிய கிரையோசாட்-2, 88 டிகிரி வரை செல்கிறது. மிதக்கும் பனிப்பாளங்களுக்கு நடுவே விரிசல்கள் உண்டு. அவற்றில் தெரியும் அசைவற்ற நீர், செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலையைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும். பனியின் எதிரொலி அவ்வளவு கூர்மையாக இருக்காது. இந்த வேறுபாட்டை வைத்தே நீரைத் தனியே இனங்கண்டு, அலை போய்வந்த நேரத்திலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். எனக்கு இன்றும் வியப்பூட்டும் நுட்பம் இது! 2018இல் நாசா ஏவிய ஐஸ்சாட்-2 இதை லேசரால் செய்கிறது. பிரான்சுடன் சேர்ந்து இஸ்ரோ 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சரல், 81 டிகிரி தாண்டியும் அளந்தது.

திறந்த கடலைவிட இங்கே பிழை வரம்பு அதிகம். ஆய்வாளர்களே அதை வெளிப்படையாக எழுதுகிறார்கள். அதற்காக அளவே இல்லை என்றாகிவிடாது. கிரையோசாட் தரவுகள் ஐரோப்பிய விண்வெளி முகமையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.