போதகர் குடும்பத்தோடு அருவிக்குப் போனால் என்ன குற்றம்?

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் படம் இன்று காலை என் வாட்ஸ்அப்புக்கும் வந்து சேர்ந்தது, கீழே "ஆத்தும பாரமில்லாத ஊழியர்கள்" என்ற வாசகத்தோடு, அதாவது ஜனங்களின் ஆத்துமாக்களைப் பற்றிக் கவலையில்லாதவர்களாம். போதகராக இருக்கிற ஒரு தம்பி குடும்பத்தோடு குற்றால அருவிக்குப் போன படம். ஈரத்தலை, தோளில் துண்டு, பக்கத்தில் மனைவி, மடியில் பிள்ளை, எதிரே இலையில் பரோட்டாவும் சால்னாவும். அந்தத் தம்பி செய்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை குற்றாலத்துக்குப் போனார், குளித்தார், சாப்பிட்டார், சிரித்தார்.

அவர் என்னிடம் வேதம் படித்தவர். ஞாயிறு காலை ஆராதனை, மாலை ஜெபக்கூட்டம், நடுவில் ஆஸ்பத்திரி, சாவு வீடு, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துவைப்பது என்று ஓடுகிறவர். நள்ளிரவில் போன் அடித்தாலும் எடுப்பார். அப்போதெல்லாம் அவரை யாரும் படம் பிடித்துப் பகிரவில்லை. அருவியில் நனைந்ததும்தான் எல்லோருக்கும் கேமரா ஞாபகம் வந்திருக்கிறது.

"இடறல் உண்டாக்கக்கூடாது ஐயா, 1 கொரிந்தியர் 8:13" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். சரி, அந்த வசனத்தையே எடுப்போம். அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில், விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிய அதிகாரம் அது. பலவீனமான மனச்சாட்சியுள்ள ஒருவன் அடுத்தவனைப் பார்த்துத் தானும் சாப்பிட்டு, தன் மனச்சாட்சிக்கு விரோதமாக விழுந்துவிடுவானே என்பதுதான் பவுலின் கவலை. இந்தப் படத்தைப் பார்த்து யார் விழப்போகிறார்கள்? உங்களுக்கு வந்தது கோபம். கோபப்படுவதும் இடறி விழுவதும் ஒன்றல்ல. தயவுசெய்து ஒரு பக்கம் திருப்புங்கள். 9:4, "புசிக்கவும் குடிக்கவும் எங்களுக்கு அதிகாரமில்லையா?" அதற்கடுத்த வசனத்தில், கேபாவும், அதாவது பேதுருவும், மற்ற அப்போஸ்தலரும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறார்களே, எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையா என்று கேட்கிறார். சாப்பாடும் மனைவியும், அந்தப் படத்தில் இருக்கிற அதே இரண்டும் வேதத்தில் அடுத்தடுத்த வசனங்களில் இருக்கின்றன!

பவுல் தனக்கிருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லையே என்பீர்கள். உண்மைதான், 9:12-இல் சொல்கிறார். ஆனால் அது அவராக விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுக்கிற உரிமையும் அவருடையது. சபையார் பிடுங்கிவைத்துக்கொண்டு அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயர் வைக்க முடியாது.

காணிக்கைப் பணத்தில் ஊர் சுற்றுகிறார் என்று இன்னொருவர். தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, என்றால் மல்கியா 3:10 எல்லோருக்கும் மனப்பாடம். உபாகமம் 14:26-ஐப் படித்திருக்கிறீர்களா? தசமபாகத்தைக் கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோ, தூரமானால் பணமாக்கிக்கொண்டு போ, அங்கே உன் மனம் விரும்புகிறதை வாங்கிக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்று இருக்கிறது. அடுத்த வசனத்திலேயே, ஆலய ஊழியம் செய்கிற லேவியனைக் கைவிடாதே என்றும் இருக்கிறது. கர்த்தருக்குச் சந்தோஷமும் ஊழியக்காரனின் வயிறும் சேர்ந்தே ஞாபகத்தில் இருந்திருக்கிறது. நம் ஊரிலும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் போடுகிறோம், அண்டா அண்டாவாக ஆட்டுக்கறி வேகிறது, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. நல்ல காரியம், எனக்கு மிகவும் பிடித்த காரியம். அந்தப் பந்தியில் பரிசுத்தமாக இருந்த கறி குற்றாலத்துக்குப் போனதும் மாம்சமாகிவிட்டதா?

என் அப்பா கிராமத்துச் சபையில் உபதேசியார், சபையை நடத்துகிற ஊழியர். அவருக்குப் பாட்டு என்றால் உயிர். சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்து இலங்கை வானொலி கேட்பார். வெளியே சைக்கிள் மணி கேட்டால் போதும், அம்மா ஓடிப்போய் நிறுத்திவிடுவாள், சபைப் பெரியவர் யாராவது வருகிறாரோ என்று. எந்தத் தப்பும் செய்யாத ஒரு மனிதர் தன் சொந்த வீட்டில் திருடனைப்போலப் பாட்டுக் கேட்டார். ஓய்வுபெற்று, யாருக்கும் பயப்படாமல் கேட்கலாம் என்ற காலம் வந்தபோது அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் அப்பா ஞாபகம்தான் வந்தது.

உபவாசத்தைக் குறைவாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், நானும் உபவாசிக்கிறவன்தான், அதை விட்டுவிடுவோம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்துக்கிடந்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான், ஒரு முறையல்ல, இரண்டு முறை. உயிர்த்தெழுந்த ஆண்டவரும் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டுவைத்துத்தான் சீஷர்களைக் கூப்பிட்டார். அவரையே போஜனப்பிரியன் என்று சொன்னார்கள், மத்தேயு 11:19. இன்றைக்கு அவருடைய ஊழியக்காரனைச் சொல்கிறோம்.

அந்தத் தம்பியின் மனைவி அழுதிருக்கிறாள். கல்யாணமாகி அவர்கள் குடும்பமாக வெளியே போனதே அபூர்வம். போதகரம்மா என்ன புடவை கட்டுகிறாள் என்று பார்க்கிற நாம், சாப்பிட்டாயா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? அவர்களுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறோம் என்றாவது தெரியுமா?

படத்தைப் பகிர்ந்தவர்களில் சிலர் என் வேதபாட வகுப்புக்கு வருகிறவர்கள். வருகிற வியாழக்கிழமை கலாத்தியர் நிருபப் பாடத்தை நிறுத்திவிட்டு 1 கொரிந்தியர் 8, 9 இரண்டையும் சேர்த்தே எடுக்கிறேன். வாருங்கள், என்னோடு வாதாடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தம்பிக்கு ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள்.