டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம்

"விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. 11 போடப் போய் டிபிஎம் 2.0 இல்லை என்று வந்தால் புது லேப்டாப்தான் வழி" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். (டிபிஎம் என்பது பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சிப்; விண்டோஸ் 11 அதைக் கேட்கும்.) முதல் பாதி சரி, 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. இரண்டாம் பாதிதான் பலருக்கு வீண் செலவு வைக்கும்.

2018 வாக்கில் வந்த பல லேப்டாப்களில் டிபிஎம் வசதி இருக்கவே செய்கிறது. பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். ஆனால் பயாஸில் கைவைக்கும் முன் பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் வசதி) மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை நீலத் திரை 48 இலக்கம் கேட்டு நிற்கக்கூடும், அப்புறம் தலையில் கைதான்.

உண்மையில் மறிப்பது பெரும்பாலும் ப்ராசஸர். ஐ5-8250யூ என்றால் கோட்டுக்குப் பின்னுள்ள 8 எட்டாம் தலைமுறை; அது விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உண்டு. ஐ5-7200யூ கிடையாது. என்னுடையது அந்த ஏழு! பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேகமான எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டேன். விண்டோஸே வேண்டும் என்பவர்கள் 10-லேயே இருந்து, நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.