கார்னியாடிஸின் இரண்டாம் நாள்

கி.மு. 45, மார்ச் மாதம். மகள் துல்லியாவைப் பறிகொடுத்துவிட்டு கடலோர அஸ்துராவில் தனிமையில் கிடக்கிறார் ரோமானிய எழுத்தாளர் சிசரோ. அந்தத் துக்கத்திலும் நண்பர் அட்டிகஸுக்குக் கடிதம் எழுதி ஒரு சந்தேகம் கேட்கிறார். கிரேக்கத் தத்துவவாதி கார்னியாடிஸ் எதற்காக ரோமுக்குத் தூது வந்தார்? ஒரோப்பஸ் விவகாரம் என்று நினைக்கிறேன், ஆனால் உறுதியாகத் தெரியாது என்கிறார். எதையும் உறுதியாக அறிய முடியாது என்று வாதாடியவரைப் பற்றி விசாரிக்க இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடைக்காது!

சிசரோ நினைத்தது சரிதான். பக்கத்து ஊரான ஒரோப்பஸைக் கொள்ளையடித்ததற்காக ஏதென்ஸுக்கு 500 தாலந்து (அக்காலப் பெரும் பண அளவு) அபராதம் விழுந்தது. அதைக் குறைக்கும்படி ரோமிடம் கேட்க, கி.மு. 155இல் மூன்று தத்துவவாதிகள் போனார்கள். அவர்களில் ஒருவர் பிளேட்டோவின் அகாதமிக்கு அப்போது தலைவராக இருந்த கார்னியாடிஸ். அபராதம் 100 தாலந்தாகக் குறைந்தது. ஆனால் ரோம் மறக்காதது வேறொன்று. ஒரு நாள் நீதியைப் புகழ்ந்து பேசியவர், மறுநாள் எழுந்து, தான் சொன்னதையெல்லாம் தானே பிரித்துப் போட்டார்.

இதைக் கேட்டதுமே "இரட்டை நாக்குக்காரர்" என்று முத்திரை குத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த இரண்டாம் நாள் வாதத்தைப் பின்னாளைய எழுத்தாளர் லாக்டான்டியஸ் எழுதிவைத்திருக்கிறார். ரோமானியர்கள் உண்மையிலேயே நீதியாக நடக்க விரும்பினால், பிறரிடமிருந்து பிடுங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடிசைகளுக்குத் திரும்ப வேண்டுமாம். கப்பல் உடைந்துவிட்டது, பலமில்லாத ஒருவன் ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு மிதக்கிறான், பார்ப்பதற்கு நடுக்கடலில் யாருமில்லை. அவனைத் தள்ளிவிட்டு நீ ஏறிக்கொள்வாயா? தள்ளினால் அநீதி, தள்ளாவிட்டால் முட்டாள்தனம். கொள்ளைக்கான அபராதத்தைக் குறைக்கச் சொல்லி வந்தவர், தன் பேச்சைக் கேட்கும் நாட்டையே பார்த்து "உங்கள் கையில் இருப்பது யாருடையது?" என்கிறார். இதற்குப் பெயர் நாக்குச் சாமர்த்தியம் என்றால், அந்தச் சாமர்த்தியம் எத்தனை தூதர்களுக்கு வரும்?

அவரைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ரோமானிய அரசியல்வாதி கேட்டோதான் என்பேன். இந்த ஆள் வாதாடினால் எது உண்மையென்று பிரித்தறிவது கடினம், தூதர்களைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள் என்று அந்தக் கிழவர் செனட்டை அவசரப்படுத்தியதை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். பயந்தவருக்குத்தான் பேச்சின் எடை தெரிந்திருக்கிறது.

கார்னியாடிஸ் எதையும் எழுதிவைக்கவில்லை. பக்கம் பக்கமாக எழுதிய மாணவர் கிளிட்டோமாக்கஸ்கூட, குருவுக்கு எது உடன்பாடு என்பது தனக்குக் கடைசிவரை விளங்கவில்லை என்றாராம். அந்த வாதத்தை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அதை மறுக்கக் கிளம்பியவர்களே. சிசரோ, உரையாடலாக எழுதிய தம் 'குடியரசு' நூலில் அதை ஃபிலஸ் என்பவர் வாயில் வைத்தார். ஃபிலஸும் அநீதிக்காக வாதாடச் சொல்கிறீர்களே என்று முனகிக்கொண்டுதான் பேசுகிறார். பதில் சொல்ல லீலியஸ் என்ற இன்னொரு பாத்திரம் காத்திருக்கிறார். அந்த நூலும் தொலைந்தது. 1819இல் ஆஞ்சலோ மாய் அதை வத்திக்கானில் கண்டெடுத்தபோது, பழைய எழுத்தைச் சுரண்டிய தோலின் மேல், பைபிளின் சங்கீதங்களுக்குக் கிறித்தவ அறிஞர் அகஸ்டின் எழுதிய விளக்கம் உட்கார்ந்திருந்தது. ஃபிலஸின் பேச்சு அதிலும் கிழிசல்தான். ஓட்டைகளை அடைக்க உதவுகிறவர், மறுப்பதற்காகவே அதை எடுத்துச் சொன்ன கிறித்தவரான லாக்டான்டியஸ்.

லத்தீன்காரர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே விழுங்கவும் கூடாது. ஸ்டோயிக் தத்துவப் பள்ளியின் தலைவர் கிரிசிப்பஸோடு வாதிடுவதற்கு முன் கார்னியாடிஸ் மூலிகை மருந்து குடித்துத் தலையைத் தெளியவைத்துக்கொள்வார் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் வலேரியஸ் மாக்சிமஸ். கிரிசிப்பஸ் இறந்தபோது கார்னியாடிஸ் சிறுவன்!

எனக்குப் பிடித்த காட்சி சிசரோவிடம் இருக்கிறது. கேபிடல் குன்றில், செனட்டின் முன் தூதர்கள் காத்து நிற்கிறார்கள். ஞானி மட்டுமே உண்மையான ஆட்சியாளன் என்ற ஸ்டோயிக் கொள்கையைக் காதில் வாங்கியிருந்த பிரேட்டர் (ரோமின் உயர் நீதி அதிகாரி) அல்பினஸ் கிண்டலாகக் கேட்கிறார்: "நான் ஞானி இல்லையே, அப்படியென்றால் நான் பிரேட்டரும் இல்லை, இது ஒரு நகரமும் இல்லை, அப்படித்தானே கார்னியாடிஸ்?"

கார்னியாடிஸ், பக்கத்தில் நின்ற சக தூதரான ஸ்டோயிக் டயோஜெனிஸைக் காட்டினார்: "அப்படி நினைப்பவர் இவர்."